சமூக ஊடகம் வேண்டாம் என்கிற நிர்வாகக் குழுவிடம் எப்படிப் பேசுவது?

உங்கள் தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழு சமூக ஊடகத்தை நேர விரயம் என்கிறது, எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபேஸ்புக்கின் பெருமையிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். நிறுவனத்துக்கு இப்போது எது குறைகிறது? தன்னார்வலர்களா, நன்கொடையா? அந்த ஒன்றுக்கு இது எப்படி உதவும் என்று மட்டும் காட்டுங்கள்.

பணம் வருமா என்று கட்டாயம் கேட்பார்கள். 2014இல், தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொண்டு மற்றவர்களுக்கும் சவால் விடும் ஐஸ் பக்கெட் சேலஞ்ச் வீடியோக்கள் பரவியபோது, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்குச் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்த நிதி கைகொடுத்த ஆய்வில், நோயோடு தொடர்புடைய என்இகே1 என்ற மரபணு 2016இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் இதை வாக்குறுதியாகச் சொல்லிவிடாதீர்கள், எல்லோருக்கும் அப்படி அமையாது. என் பார்வையில் பெரிய பலன் வேறு. கொடுத்த பணம் என்ன ஆனது என்பதை, ஆண்டறிக்கைக்குக் காத்திராமல் நன்கொடையாளர் அவ்வப்போது பார்க்க முடிகிறது. அந்த நம்பிக்கைதான் அவரை மறுபடி கொடுக்க வைக்கிறது.

குழுவின் பயமும் நியாயமானதே. யார் பதிவிடுவது, கடுமையான கருத்துக்கு யார் பதில் சொல்வது, கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பயனாளிகளின் படத்தை, முக்கியமாகக் குழந்தைகளின் படத்தை, ஒப்புதலின்றிப் போட மாட்டோம் என்பதும் அதில் இருக்கட்டும். இதில் சமரசமே கூடாது.

அப்புறம், ஒரே ஒரு தளம், 6 மாதம் என்று அனுமதி கேளுங்கள். லைக்கை எண்ணாமல், அதன் வழியாக வந்த தன்னார்வலர்களையும் நன்கொடையாளர்களையும் மாதாமாதம் குறித்து வையுங்கள்.