நாற்காலியின் விலை – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் மனைவியும் சென்ற மாதம் இத்தாலி போய்வந்தோம். ரோம், ஃப்ளோரன்ஸ், பீசா, வெனிஸ் என்று எட்டு நாள். திட்டமெல்லாம் நானே போட்டது, ஒரு நிமிஷம்கூட வீணாகவில்லை. ஆனால் திரும்பி வந்தபின் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஊர் முழுக்க ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம்தான் மிச்சம். கேட்காத ரொட்டிக்குக் காசு. நின்று குடித்தால் ஒன்றரை யூரோ, உட்கார்ந்தால் ஏழு யூரோ என்று ஒரே காபிக்கு இரண்டு விலை. பாஸ்தா வேகவே இல்லை. மூன்று மணிக்குச் சாப்பிடப் போனால் கடை மூடியிருக்கிறது. ஓட்டலில் லிஃப்ட் ஒரு ஆளும் ஒரு பெட்டியும் கொள்ளும் அளவுதான். இரட்டைக் கட்டில் என்று சொல்லி இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கிளம்பும்போது ஊர் வரி என்று தனியாக ரொக்கம் வாங்கிக்கொண்டார்கள். குளியலறையில் தொங்கிய கயிற்றில் துண்டு காயப்போட்டேன், வரவேற்பிலிருந்து ஆள் ஓடி வந்துவிட்டார். பீசா போகும் ரயிலில் டிக்கெட் இருந்தும் அபராதம். ரோமில் ஸ்பானியப் படிகள் என்ற பெரிய படிக்கட்டில் என் மனைவி கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட, போலீஸ்காரர் விசிலடித்து எழுப்பினார், எல்லார் முன்னாலும் அவமானமாகிவிட்டது. இதே யவனர்கள் நம் மிளகுக்காக முசிறியில் வந்து கிடந்தவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

என் கேள்வி இதுதான். இத்தாலி போகும் முன் நான் என்ன படித்திருக்க வேண்டும்? அடுத்த வருஷம் ஆகஸ்டில் சிசிலி போவதாக இருக்கிறோம்.

ஆர்., கோயம்புத்தூர்

*

அன்புள்ள தம்பி,

எங்கள் தெருவில் மிஞ்சியிருந்த ஒரே திண்ணையையும் போன வாரம் இடித்துவிட்டார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைக்கும் இடம் அது. இப்போது அவர் கூடையோடு நின்றபடியே பேரம் பேசுகிறார். மனிதர்கள் உட்காருவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து விழுந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை வழக்குகளை முதலில் தள்ளிவிடுகிறேன். பாஸ்தா பல்லில் கொஞ்சம் கடிபட வேண்டும் என்பதுதான் அவர்கள் பக்குவம். குழைந்தால் அங்கே சமையல்காரர் மானம் போய்விடும். மதியச் சமையல் இரண்டரை மணி வாக்கில் முடிந்தால் அப்புறம் ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் அடுப்பு எரியும். கட்டில் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால் குடி முழுகிவிடாது. ஊர் வரி ஓட்டல்காரர் பாக்கெட்டுக்குப் போவதல்ல, தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று நகராட்சிக்குப் போவது. குளியலறைக் கயிறு, உள்ளே வழுக்கி விழுந்தவர் உதவிக்கு இழுப்பதற்கு. ஓடி வந்தவர் பாவம், நீங்கள் துண்டும் கையுமாக முழுசாய் நிற்பதைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பியிருப்பார். யவனர்கள் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததாக அகநானூறு சொல்வதும் சரி, டொமிஷியன் பேரரசர் காலத்தில் ரோமில் மிளகுக்கென்றே பண்டகசாலை கட்டியதும் சரி. அதைக் காட்டி இன்றைக்குக் காபி விலையில் தள்ளுபடி கேட்க முடியாது.

ரொட்டிக்கு மட்டும் இரண்டு வரி. மேசையில் உட்காருவதற்கென்று தலைக்கு ஒன்றரை யூரோ, இரண்டு யூரோ என்று வாங்குவதற்குக் கோபெர்த்தோ என்று பெயர். உணவுப் பட்டியலில் அச்சிட்டிருப்பார்கள், வழக்கமாகக் கடைசி வரியில், பொடி எழுத்தில். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006-ல் சட்டம் போட்டு இதை நிறுத்தினார்கள். உடனே கடைக்காரர்கள் 'ரொட்டி' என்று எழுதி அதே காசை வாங்க ஆரம்பித்தார்கள். அங்கே ரொட்டி வேண்டாம் என்று சொன்னால் எடுத்துப் போய்விடுவார்கள், காசும் கிடையாது. நீங்கள் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டீர்கள். விடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். அத்தனை பெரிய கடிதத்தில் உங்கள் மனைவி ஒரே ஒரு காரியம்தான் செய்கிறார். உட்காருகிறார். அதற்கும் விசில்.

அவர் ஏன் அங்கே போய் உட்கார்ந்தார் என்று யோசித்தீர்களா? காலையில் கொலோசியம், ஃபோரம் என்று வெயிலில் நடத்தியிருப்பீர்கள். ரோமின் தெருக்களில் பாவியிருக்கும் அந்தக் கறுப்புச் சதுரக் கல் பாதத்தை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். போகிற வழியில் எத்தனையோ காபிக் கடை, வாசலில் நாற்காலி. 'உட்கார்ந்தால் ஏழு யூரோ' என்று உங்களுக்கு ஏற்கெனவே கணக்குத் தெரிந்துவிட்டது. யூரோவை ரூபாயாக்கிப் பார்த்திருப்பீர்கள். 'நின்னே குடிச்சிடலாம்மா' என்று சொல்லியிருப்பீர்கள். இருவரும் நின்றே குடித்திருப்பீர்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பெண் காசில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அதுவும் காசில்லாத இடம் அல்ல. 2019 முதல் ஸ்பானியப் படிகளில் உட்காரத் தடை, மீறினால் அபராதம் போடலாம். உங்களை விசிலோடு விட்டார்கள், அந்தப் போலீஸ்காரருக்கு நன்றி சொல்லுங்கள். அவமானம் என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்கு அவமானம்? கால் வலித்தவருக்கா?

தம்பி, உங்களைக் கஞ்சன் என்று சொல்லவில்லை. சேர்த்து வைத்த பணத்தில் போகிற முதல் பெரிய பயணம், ஒரு பைசா வீணாகக் கூடாது என்ற அந்தப் பதைப்பு எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள். ஒரே காபிக்கு இரண்டு விலை என்கிறீர்கள். காபிக்கு ஒரே விலைதான், ஒன்றரை யூரோ. மிச்சம் ஐந்தரை யூரோ நாற்காலிக்கு. இரண்டு விலையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். நீங்கள் கேட்காமல் பில் வராது. நாம் அதையும் தப்பாகப் புரிந்துகொண்டு 'கவனிக்கவே மாட்டேங்கிறான்' என்று கோபப்படுவோம்.

என் வீட்டுக்காரர் வருவாய்த் துறையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ரோமின் நவோனா சதுக்கத்தில் ஒரு காபிக் கடையின் விலைப்பட்டியலை என்னிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டித் தானும் ஒருமுறை படித்தார். "சரி, ஏழு யூரோன்னா ஏழு யூரோவுக்கு உட்காருவோம்" என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டார். வெயில் எதிர்வரிசை மாடிகளுக்கு ஏறும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

எதிரே சிற்பி பெர்னினியின் நான்கு நதி நீரூற்று. 1651-ல் முடித்தது. நீங்களும் அதன் முன் நின்று படம் எடுத்திருப்பீர்கள், எடுக்காதவர் கிடையாது. நாலு மூலையில் நாலு பேர் பாறைமேல் சாய்ந்திருக்கிறார்கள். அதில் நீளமான துடுப்பு ஒன்றைப் பிடித்திருப்பவர் யார் தெரியுமா? கங்கை. நம்மிடம் தேவி, அங்கே தாடிக்காரர். என் வீட்டுக்காரரும் கங்கையில் முழுக்குப் போட்டு வந்தவர், சும்மா இருப்பாரா, 'காசியில பார்த்தப்போ தாடி இல்லையே' என்றார். பக்கத்து மேசையில் ஒரு வழிகாட்டி தன் கூட்டத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: எதிரே பொரோமினி கட்டிய தேவாலயம் இடிந்து தன்மேல் விழுமோ என்று பயந்துதான் இன்னொரு நதி கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறதாம். அழகான கதை. அந்தத் தேவாலயத்தின் வேலை ஆரம்பித்ததே நீரூற்று முடிந்த மறுவருஷம்.

அங்கிருந்து பொடிநடையில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி என்ற தேவாலயம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, பெஞ்சு போட்டிருக்கிறது, முன்பக்கம் இடது மூலையில் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள். உங்கள் பட்டியலில் இது இல்லை, வரிசை நிற்காத இடங்கள் எதுவுமே உங்கள் பட்டியலில் இல்லை. அந்த மூலை இருட்டாக இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் டக்கென்று அணைந்துவிடும். நாங்கள் போனபோது ஒரு கூட்டமே இருட்டில் நின்றுகொண்டிருந்தது. எல்லாருக்கும் ஓவியம் பார்க்க வேண்டும், யாருக்கும் காசு போட மனசில்லை, அடுத்தவர் கை பைக்குள் போகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் தெருவுக்குக் கேட்கக் கத்துகிற மனுஷர் இவர். விறுவிறுவென்று போய்ப் போட்டார். அணைந்ததும் மறுபடி போட்டார். யாரோ நன்றி சொன்னபோது, தன் செலவில் ஊருக்கே விளக்குப் போட்டவர் மாதிரி தலையை ஆட்டினார்.

இடப்பக்கச் சுவரில் இருப்பது, இயேசு மத்தேயுவை அழைக்கும் காட்சி. 1600-ல் வரைந்து முடித்தது. மத்தேயு வரி வசூலிப்பவர். மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருக்கிறார்கள், வலது ஓரத்தில் இயேசு கையை நீட்டி நிற்கிறார், அவர் தலைக்கு மேலாக வெளிச்சம் சாய்வாக உள்ளே விழுகிறது. இறகுத் தொப்பி வைத்த இரண்டு பையன்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தாடிக்காரர் ஒருவர் 'என்னையா?' என்பதுபோல விரலை நீட்டுகிறார். அவர்தான் மத்தேயு என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். இடது கோடியில் ஒரு இளைஞன் இருக்கிறான், அவன்தான் மத்தேயு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. தலையைக் கவிழ்த்து மேசைமேல் இருக்கும் காசை எண்ணிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் மூக்குக் கண்ணாடியோடு ஒரு கிழவர் அந்தக் காசையே குனிந்து பார்க்கிறார். தலைக்கு மேல் இவ்வளவு நடக்கிறது, அந்தப் பையன் நிமிரவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் அழகான பையன்.

இலவசமாக உட்கார இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நீங்கள் அதைத் தாண்டி நடந்திருக்கிறீர்கள். ஃப்ளோரன்ஸில் ஸ்ட்ரோட்ஸி மாளிகை. 1489-ல் கட்டத் தொடங்கியது, பெரும் வங்கிக் குடும்பத்தின் வீடு, கோட்டை மாதிரி கல். அதன் வெளிச்சுவரை ஒட்டித் தெருப்பக்கம் பார்க்க நீளமாக ஒரு கல் மேடை ஓடும். திண்ணை, தம்பி! அதைவிடப் பழைய மேடிச்சி மாளிகையிலும் உண்டு. காரியமாக வந்தவர்கள் காத்திருக்க, போகிறவர் வருகிறவர் கால் ஓய. ஊரையே கைக்குள் வைத்திருந்த மேடிச்சிகளுக்குத் தங்கள் சுவரில் யார் யாரோ சாய்ந்துகொள்வதில் ஒரு குறையும் தோன்றவில்லை, அது வீட்டுக்குப் பெருமை என்று நினைத்தார்கள். இன்றைக்கும் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் விசில் அடிப்பதில்லை. எங்கள் தெருவில் அந்தத் திண்ணையை இடித்தவர் வீட்டிலும் இரண்டு கார்தான் இருக்கிறது, வங்கி இல்லை.

அந்தத் திண்ணையில் எனக்கு ஒரு பாட்டி சிநேகமானார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு இத்தாலியம் தெரியாது. அவர் என் கொலுசைத் தொட்டுப் பார்த்தார், நான் அவர் பையில் இருந்த கூனைப்பூவை, அதாவது ஆர்ட்டிசோக் காயைக் காட்டி எப்படிச் சமைப்பது என்று சைகையில் கேட்டேன். வெளி இதழ்களைப் பிய்த்துப் போடும் மாதிரி செய்தார், பூண்டு நசுக்கும் மாதிரி செய்தார், எண்ணெய்யை ஊற்றுவதற்கு மட்டும் கையை ரொம்ப நேரம் கவிழ்த்தே வைத்திருந்தார். உஃபிட்சி ஓவியக் கூடத்தில் பார்த்தவற்றில் பாதி மறந்துவிட்டது. அந்தக் கை மறக்கவில்லை.

'ஒரு நிமிஷம்கூட வீணாகவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் எனக்குக் கை பரபரத்தது. எட்டு நாளில் நாலு ஊர், அதில் ஒரு பகல் பீசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் படம் எடுக்க. இப்படி ஓடிவிட்டு மனதில் எதுவும் நிற்கவில்லை என்றால் எப்படி நிற்கும்? நீங்களே எங்கும் நிற்கவில்லையே, உட்காருவது இருக்கட்டும்.

உங்கள் கேள்வி என்ன? ஆமாம், போகும் முன் என்ன படிப்பது. பெரிய புத்தகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மண்டல ரயிலின் காகித டிக்கெட்டை, ஏறும் முன் நிலையத்தில் இருக்கும் எந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். பீசா ரயிலில் உங்களுக்கு அபராதம் அதற்குத்தான். டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். உணவுப் பட்டியலின் கடைசி வரியைப் படியுங்கள். காபிக் கடைச் சுவரைப் படியுங்கள். மிச்ச நேரம் இருந்தால் உங்கள் மனைவியின் கைபேசியில் இருக்கும் படங்களை வாங்கிப் பாருங்கள், அவர் எதை எடுத்தார் என்று உங்களுக்கு இதுவரை தெரியாது என்றே நினைக்கிறேன்.

சிசிலிக்கு ஆகஸ்டில் வேண்டாம். 2021 ஆகஸ்டில் சிரகூசா பக்கம் 48.8 டிகிரி பதிவானது, ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம். போதாததற்கு ஆகஸ்டு 15-ஐ ஒட்டி அவர்களுக்கு விடுமுறைக் காலம், பாதிக் கடை பூட்டிக் கிடக்கும், மீதியில் உங்களுக்கு நாற்காலி கிடைக்காது. ஏப்ரல், மே நல்லது. பலெர்மோ, சிரகூசா இரண்டு ஊர் போதும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால் டிக்கெட் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
அம்மா