ஒரே விவரம், இரண்டு விடை: எந்த நிதித் திட்ட மென்பொருளை நம்புவது?

கேள்வி: எனக்கு 45 வயது. 60இல் ஓய்வு பெற நினைக்கிறேன். வருமானம், செலவு, சேமிப்பு, கடன் எல்லாவற்றையும் இரண்டு மென்பொருள்களில் ஒரே மாதிரி உள்ளிட்டேன். 90 வயதிலும் பெரும்பணம் மிஞ்சும் என்கிறது ஒன்று. 83 வயதிலேயே தீர்ந்துவிடும் என்கிறது மற்றொன்று. இரண்டுக்கும் சராசரி எடுக்கலாமா? இரண்டாவதைக் கட்டணம் கட்டித் தொடரலாமா?

பதில்: சராசரி மட்டும் வேண்டாம். நீங்கள் கொடுத்த விவரம் ஒன்றுதான். கொடுக்காதவற்றை இரண்டும் தத்தம் போக்கில் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. எதை எப்படி நிரப்பின என்பது தெரியாதவரை இரண்டு விடைகளுமே பயன்படாது.

உங்கள் சொந்த விவரங்களைச் சற்று ஒதுக்கிவையுங்கள். இரண்டிலும் புதிதாக ஒரு வெற்றுத் திட்டம் தொடங்குங்கள். சம்பளம், செலவு, வரி எதுவும் இல்லை. கையிருப்பு 100 மட்டும். ஆண்டு வளர்ச்சி 7 சதவீதம், பணவீக்கம் 4 சதவீதம், காலம் 30 ஆண்டுகள். விடை 761 என்று வந்தால், அந்த மென்பொருள் வருங்காலத் தொகையை அப்படியே காட்டுகிறது. 235 என்றால், இன்றைய மதிப்புக்கு மாற்றிச் சொல்கிறது. 243 என்றால், 7இலிருந்து 4ஐக் கழித்து 3 சதவீதமாக வளர்த்திருக்கிறது, சோம்பேறிக் கணக்கு. 574 வந்தால், எங்கோ 1 சதவீத நிர்வாகக் கட்டணம் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். உங்களை மகிழ்வித்த அந்தப் 'பெரும்பண'த்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 4 சதவீதப் பணவீக்கத்தில் 45 ஆண்டுகளில் விலைகள் ஏறத்தாழ 5.8 மடங்காகும்.

வெற்றுத் திட்டத்தில் இரண்டும் ஒத்துப்போன பிறகு சம்பளம், செலவு, கடன், வரி என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்க்காமல் ஆண்டுவாரி அட்டவணையை ஒப்பிடுங்கள். விலகல் தொடங்கும் அட்டவணை வரிசையில்தான் காரணம் இருக்கும். நான் முதலில் தேடுவது கடன் தவணையை: வட்டி மாறாத கடனின் தவணை பணவீக்கத்தோடு ஏறக் கூடாது. குடியிருக்கும் வீட்டை விற்றுச் செலவழிக்கத்தக்க சொத்தாகச் சேர்த்திருக்கிறதா என்பது அடுத்தது. செலவை ஆண்டின் தொடக்கத்தில் கழிக்கிறதா, முடிவில் கழிக்கிறதா என்பதால் வரும் வேறுபாடு சிறிது.

இரண்டில் ஒன்று 'மான்டி கார்லோ' முறையில், அதாவது ஆண்டு வளர்ச்சியைத் தற்செயலாக ஏற்றி இறக்கி, ஆயிரக்கணக்கான ஓட்டங்களை நடத்துவதாக இருந்தால், இரண்டிலும் 7 என்று உள்ளிட்டாலும் அது ஒரே அனுமானம் ஆகாது. அத்தகைய மென்பொருள்களில் பெரும்பாலும் அந்த 7 என்பது தனித்தனி ஆண்டுகளின் சராசரி. ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (ஆண்டு வளர்ச்சி சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதன் அளவு) 15 சதவீதமானால், நீண்டகாலக் கூட்டு வளர்ச்சி ஏறக்குறைய 5.9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஓர் ஆண்டு 50 சதவீதம் ஏறி மறு ஆண்டு 50 சதவீதம் இறங்கினால் சராசரி பூஜ்யம். 100 போட்டவர் கையில் இருப்பதோ 75.

இறக்கம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். 100ஐ வைத்து ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் 10 எடுக்கிறீர்கள். முதலில் 30 சதவீத ஏற்றம், பிறகு 20 சதவீத இறக்கம் என்றால் மிஞ்சுவது 86. வரிசை மாறினால் 81. பணம் எடுக்காதிருந்தால் இரண்டிலும் 104தான். ஆண்டுதோறும் சீராக 7 என்று வளர்க்கும் மென்பொருளின் கண்ணுக்கு இந்த ஆபத்து தெரியவே தெரியாது. மறுபக்கம், மான்டி கார்லோ மென்பொருள் சொல்லும் 'வெற்றி வாய்ப்பு 85 சதவீதம்' (அத்தனை ஓட்டங்களில் பணம் இறுதிவரை தாங்கியது) என்பதையும் அப்படியே விழுங்க வேண்டாம். மீதி 15 சதவீத ஓட்டங்களில் பணம் 89 வயதில் தீர்ந்ததா, 74இலா என்று கேளுங்கள். முதலாவதைச் செலவைச் சற்றுக் குறைத்துச் சமாளிக்கலாம்.

சில மென்பொருள்கள் கேள்வியையே திருப்பிப் போடுகின்றன: நீங்கள் சொன்ன செலவுக்குப் பணம் போதுமா என்று பார்க்காமல், வாழ்நாள் முழுதும் ஒரே தரத்தில் வாழ ஆண்டுக்கு எவ்வளவு செலவிடலாம் என்று கணக்கிடுகின்றன. 1985இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற பிராங்கோ மோடிலியானியின் வாழ்க்கைச் சுழற்சிக் கருதுகோளின் வழி வந்தது இது. அந்த வகையில் இறுதி வயதில் இருப்பு பூஜ்யத்தைத் தொடுவது பிழையன்று, நோக்கமே அதுதான். உங்கள் இரண்டாவது மென்பொருள் இந்த வகையா, இறுதி வயது 83 என்று தானாகவே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதை 95 ஆக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

கட்டணம் பற்றி: ஆண்டுவாரி அட்டவணையை முழுமையாகத் தந்து, எல்லா அனுமானங்களையும் மாற்ற விட்டால் கட்டலாம். வண்ண வரைபடமும் ஒற்றை மதிப்பெண்ணும் மட்டும் தருவதற்குக் கட்டாதீர்கள்.