வாக்கு கேட்ட முகங்கள்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

தக்கலை அருகே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களின் உருவப்படங்களை மாணவிகள் வரைந்து வருகிறார்கள். நூலகச் சுவரில் மாட்டப் போகிறோம். இங்கிலாந்துப் போராட்டத்தின் தலைவி எம்மலின் பங்க்கர்ஸ்ட், சரோஜினி நாயுடு, முத்துலட்சுமி ரெட்டி ஆகியோரின் கோட்டோவியங்கள் தயார். "முகம் இன்னும் கொஞ்சம் களையாக, சிரித்தபடி இருக்கட்டும்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். சீமைக்காரிகளின் படம் நம் பள்ளியில் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள டீச்சர்,

முகத்தைத் திருத்த விடாதீர்கள். இவர்கள் படத்தில் முதலில் கைவைத்தது இங்கிலாந்துப் போலீஸ். எவலின் மனெஸ்டா என்ற பெண் வாக்குரிமைப் போராட்டத்தில் 1913-ல் மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் படங்களைத் தாக்கிச் சிறைக்குப் போனவர். புகைப்படத்துக்கு முகம் காட்ட மறுத்தார். காவலர் ஒருவர் பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பிடித்துக்கொள்ள, படம் எடுத்தார்கள். பிற்பாடு அடையாளம் காண்பதற்காகச் சுற்றுக்கு விட்ட படத்தில் அந்தக் கையைக் காணோம். அது இருந்த இடத்தில் கழுத்துத் துணி போல ஏதோ தெரிகிறது. இரண்டு படங்களையும் மாணவிகளுக்கு அருகருகே காட்டுங்கள். ஒரு முகத்தைச் சாந்தமாக்கும்போது எதை அழிக்கிறோம் என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

பங்க்கர்ஸ்டுக்கு, ஜார்ஜினா பிராக்கன்பரி 1927-ல் தீட்டிய எண்ணெய் வண்ணப் படத்தைப் பாருங்கள். லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. வரைந்தவரும் அதே போராட்டத்தில் சிறை சென்றவர். முத்துலட்சுமி ரெட்டியை தயவுசெய்து பாட்டியாக வரையாதீர்கள். 1927-ல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானபோது அவருக்கு 40 வயதுதான்.

சீமைக்காரிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு சோபியா துலீப் சிங்கின் படத்தைக் காட்டுங்கள். பஞ்சாபின் கடைசி மகாராஜாவின் மகள்; இங்கிலாந்தில் வாழ்ந்தவர். வாக்கு இல்லையென்றால் வரியும் இல்லை என்று மறுத்து, நகைகள் ஜப்தியானபோதும் அசையாதவர். 1913-ல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசலில், மேலங்கியும் தொப்பியுமாக நின்று போராட்டப் பத்திரிகை விற்கும் புகைப்படம் அவருடையது. வரைய இதைவிட நல்ல நிலை கிடைக்காது. இங்கேயும் அப்படித்தான்: 1917 டிசம்பரில் வாக்குரிமை கேட்டு, பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மான்டேகுவைச் சென்னையில் சந்தித்த பெண்கள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சரோஜினி நாயுடு; அதற்கு ஏற்பாடு செய்து உடன் நின்றவர் அயர்லாந்துக்காரரான மார்கரெட் கசின்ஸ். இவர்களை நாடு பார்த்துப் பிரித்தால் கதை பாதியில் அறுந்துவிடும்.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. நாம் அன்று இருந்த திருவிதாங்கூர் அதற்கும் முந்திக்கொண்டது. இரண்டும் சொத்துள்ளவர்களுக்கு மட்டும்தான். தோட்டத்திலும் கடற்கரையிலும் உழைத்த பெண்கள் 1948 தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குளச்சல் தொகுதியில் 1957-ல் வென்று காமராஜர் அமைச்சரவையில் அமைச்சரான லூர்தம்மாள் சைமன் இல்லாமல் உங்கள் சுவர் நிறையாது. மீனவர் வீட்டிலிருந்து கோட்டைக்குப் போனவர் அவர். உங்கள் மாணவிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: பெயரைச் சிறிய எழுத்தில் ஓரத்தில் எழுத வேண்டாம். நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடமாநிலங்களில், வாக்காளர் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். அதனால் ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். வரைந்த மாணவியின் பெயரும் அதே அளவில்.

திறப்பு நாள் முடிவானதும் எழுதுங்கள். கண்டிப்பாக வருகிறேன்.