டயரை மாற்றும் முன் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவில், பினாங்கு நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டம். பழக்குலை டிரெய்லரை இழுக்கும் டிராக்டருக்கு நான்கு சக்கரத்திலும் இழுவை உண்டு. ஆனாலும் மழை பெய்தால் பின் சக்கரம் சும்மா சுழல்கிறது. டயரில் பல் பாதிக்கு மேல் இருக்கிறது. கடைக்காரர் ஆர்-2 டயர் போடச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஆர்-2 நெல்வயல் சேற்றுக்கானது. அதன் பல் சாதாரண ஆர்-1-ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆழம். ஆலைக்குத் தார்ச்சாலையில் போய்வந்தால் சீக்கிரம் தேயும், வண்டியும் உதறும்.

முதலில் அளந்து பாருங்கள். வழக்கமான பாரத்தோடு, பின் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 10 சுற்றில் போகும் தூரத்தைத் தரையில் குறியுங்கள். அதே தூரத்தை டிரெய்லர் இல்லாமல் ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். எட்டரை முதல் ஒன்பது வரை வந்தால் பிடிமானம் சரி. எட்டுக்குக் கீழே போனால் எடை போதாது. ஒன்பதரையைத் தாண்டினால் எடை அதிகம். டீசல்தான் வீண், மண்ணும் இறுகும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் அது வேறு கதை: இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுழலச் செய்யும் டிஃபரன்ஷியல் லாக்கைப் போடுங்கள், திரும்பும்போது எடுத்துவிடுங்கள்.

எடை போதாவிட்டால் மலிவான வழி தண்ணீர். குளிர்நாட்டில் உறையாமலிருக்க உப்புக் கலப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜாக்கி போட்டு, வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு ஊசியைக் கழற்றி நிரப்புங்கள். வால்வு வழியே தண்ணீர் வெளிவந்தால் நிறுத்துங்கள், முக்கால்வாசி நிரம்பியிருக்கும். மீதி காற்று. 13.6-28 அளவு டயர் ஒன்றுக்குச் சுமார் 190 லிட்டர் பிடிக்கும், இரண்டுக்கும் 380 கிலோ. டியூப் இல்லாத டயரென்றால் ரிம் துருப்பிடிக்கும், டியூப் போட்டுவிடுங்கள்.

டிரெய்லர் பின்னச்சை அழுத்துவதால் முன்பக்கம் இலேசாகும். மேட்டில் ஸ்டியரிங் பிடிபடாவிட்டால் முன்னே இரும்பு எடை மாட்டுங்கள். மொத்த எடையில் 40 விழுக்காடு முன்னச்சில் இருப்பது நல்லது.

இன்னொன்று: டயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பின்னால் நின்று பார்த்தால் பற்களின் முனை கூரைமுகடுபோல மேல்நோக்க வேண்டும். தவறி மாட்டினால் சேறு அப்பிக்கொள்ளும்.

பிறகு வாங்குவதானாலும் அதே அளவு ஆர்-1 போதும். பின் டயரின் அளவை மட்டும் மாற்றினால் முன், பின் சக்கர வேகப் பொருத்தம் கெட்டு கியர் அடிவாங்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள்: 1024 என்றால் 2024-இன் 10ஆவது வாரத் தயாரிப்பு. உத்தரவாதத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டு உபயோகப் பொருளல்லாத இதற்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட முடியாது.