மூக்கு, மணம், ஓமோன்: கேள்வி பதில்

பதில் சொல்பவன் வன்னிப் பாடசாலைகளில் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன், டொக்டர் அல்லன். மூக்குக்குள் எதை விடலாம் என்பதைத் தவிர எதையும் கேளுங்கள்.

கிளிநொச்சி: சேர், எனக்கு மூன்றாம் மாதம். குசினியில் வெங்காயம் வதங்கினாலே சத்தி வருகிறது. நான் நடிக்கிறேன் என்கிறார் மாமி. என் மூக்கு கூர்மையாகிவிட்டதா?

நடிப்பு இல்லை, தங்கச்சி. ஆனால் மூக்கு கூர்மையானது என்பதும் முழு உண்மை இல்லை. மிக மெல்லிய மணத்தை யார் முதலில் பிடிக்கிறார் என்று சோதித்த ஆய்வுகளில் கர்ப்பிணிகள் மற்றவர்களைச் சீராக முந்தவில்லை. மூக்கு பிடித்துக் கொடுப்பது முன்பிருந்த அதே வெங்காய மணத்தைத்தான். அதற்கு மூளை சொல்லும் தீர்ப்புத்தான் மாறிவிட்டது. சத்திக்கு முக்கிய காரணம் சூல்வித்தகத்திலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஓமோன். கருத்தரிக்குமுன் அது குருதியில் குறைவாக இருந்த பெண்களையே குமட்டல் அதிகம் வாட்டுகிறது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. ஈஸ்திரஜன் மூக்கின் உட்சவ்வை வீங்கச் செய்வதால் தடிமன் இல்லாமலே மூக்கடைக்கவும் கூடும். அதற்காகக் கடையில் துளிமருந்து வாங்கி விடாதீர்கள். மாமிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

முள்ளியவளை: தடிமனுக்கு மூக்கில் நல்லெண்ணெய் விடலாமா?

வேண்டாம். சுவாசப்பைக்குள் வழிந்தால் நியூமோனியா வரக்கூடும்.

மாங்குளம்: காட்டுப்பன்றிக் கறி சமைத்தால் அண்ணன் மூத்திர நாற்றம் என்று எழுந்து போகிறார். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. யார் மூக்கில் பிழை?

இருவர் மூக்கிலும் பிழை இல்லை. ஆண்பன்றியின் விதையில் உண்டாகும் அன்ட்ரோஸ்டெனோன் கொழுப்பில் தேங்கிச் சட்டி சூடானதும் கிளம்புகிறது. அதைப் பிடிக்கும் மணவாங்கி என்ற மூக்குப் புரதத்தின் பரம்பரையலகு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது 2007இல் தெரிந்தது. ஒருவருக்கு மூத்திரம், ஒருவருக்கு இனிப்பு, இன்னொருவருக்கு வெறுங்காற்று. நம்மிடம் இப்படி ஏறக்குறைய 400 வகை வாங்கிகள் உள்ளன. இந்த வாங்கிக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் கிடைத்தது.

வாங்கியைத் தொடுமுன் மணப்பொருள் சீதத்தைக் கடக்க வேண்டும். சீதத்தை வெறும் சளி என்று நினைக்காதீர்கள். அங்கே நொதியங்கள் காத்திருக்கின்றன. எலியின் மூக்கில் வாதுமை மணமுள்ள பென்சல்டிகைட்டின் ஒரு பகுதி அங்கேயே பென்சைல் அற்ககோலாகவும் பென்சோயிக் அமிலமாகவும் மாறிவிடுகிறது. மூக்குக்குள் எதையும் விடாதீர்கள் என்று நான் கத்துவதும் இந்தச் சீதத்துக்காகத்தான்.

ஒட்டுசுட்டான்: பசுவின் மூத்திரத்தை மோந்ததும் நாம்பன் மேலுதட்டைச் சுருட்டிச் சிரிக்கிறதே?

சிரிப்பில்லை, தம்பி. மேலண்ணத்தில் முன்பக்கமாக உள்ள துளைவழியே அந்த ஈரத்தை இன்னொரு மணவுறுப்புக்கு அனுப்புகிறது. பசு வேட்கையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆண்யானை தும்பிக்கை நுனியால் தொட்டு அண்ணத்தில் வைக்கும். பெண்யானையின் மூத்திரத்தில் உள்ள அந்த அழைப்புப்பொருள் பல அந்துப்பூச்சிகள் பயன்படுத்தும் அதே சேர்வை என்று 1996இல் கண்டறிந்தார்கள்.

நெடுங்கேணி: மனிதருக்கும் அந்த உறுப்பு உண்டு. குழி இருப்பதை நானே வாசித்தேன்.

குழி பலருக்கு உண்டு. அதிலிருந்து மூளைக்கு வேலைசெய்யும் நரம்பு இல்லை. அதற்கு வேண்டிய பரம்பரையலகும் நம்மில் பழுதாகிவிட்டது.

நெடுங்கேணி: அப்படியானால் பெண்களைக் கவரும் ஓமோன் சென்ட் எப்படி விற்பனையாகிறது?

வாங்குவதற்கு உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்.

வவுனியா: அந்தச் சென்டை யானைவேலிக்குப் பூசினால் யானை வராதா?

வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேளுங்கள். சென்ட் பேச்சு இத்துடன் போதும்.

பூநகரி: சேர், நல்லெண்ணெய் வேண்டாமென்றால் தேங்காயெண்ணெய்?

எண்ணெய் எண்ணெய்தான்.

மல்லாவி: துத்தநாகம் கலந்த மூக்கு ஜெல்?

மணமே போய்விட்டதாகப் பலர் முறையிட்டதால் 2009இல் அமெரிக்காவில் அத்தகைய மருந்துக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். இனி மூக்குக்குள் விடும் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

துணுக்காய்: மகனுக்குப் பதினாறு வயது. மீசை அரும்பவில்லை, குரலும் உடையவில்லை. சிறுவயதிலிருந்தே அவனுக்கு மணம் தெரியாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம், அம்மா. பருவமடைதலைத் தொடக்கிவைக்கும் ஓமோனைச் சுரக்கும் கலங்கள் கருவின் மூக்குப் பகுதியில் பிறந்து, மணநரம்புகளைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு நகர்கின்றன. அந்தப் பாதை சரியாக அமையாவிட்டால் மணமும் இல்லை, பருவமும் பிந்தும். கால்மன் நோய்க்குறி என்பார்கள். ஓமோன் சிகிச்சை உண்டு. அகஞ்சுரக்கும் சுரப்பி நிபுணரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். மணம் தெரியாததை முதலில் சொல்லுங்கள். மீசையை மட்டும் சொன்னால், வளரும், பொறுங்கள் என்று அனுப்பிவிடக்கூடும்.