இணையவழிக் கேலியைப் பற்றிய சிறார் நாவல்களை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு இத்தகைய நாவலைக் கொடுத்தால், அதுவரை அறியாத கொடுமைகளை அவள் அதிலிருந்து கற்றுக்கொண்டுவிடுவாளோ என்று அஞ்சுகிறீர்கள். கையில் கைபேசியும் வகுப்புத் தோழர்களின் குழு அரட்டையும் உள்ள ஒரு பிள்ளை, நாவலில் வருவதில் பெரும்பகுதியை அங்கே ஏற்கெனவே பார்த்திருக்கும் என்பதே என் எண்ணம். நான் நியூ ஜெர்சியில் ஒரு நடுநிலைப் பள்ளியின் நூலகத்தில் பணிபுரிகிறேன். உளவியல் படித்தவள் அல்லள். ஆகவே நான் எழுதுவதை எவரும் நிபுணர் ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம். ஆனால் இந்தப் புத்தகங்களை வாசித்துவிட்டுப் பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்பதை அருகில் இருந்து கேட்பவள்.

எங்கள் ஏழாம் வகுப்பு வாசிப்பு வட்டத்தில் டோரி ஹில்லெஸ்டாட் பட்லர் 2008இல் எழுதிய ‘தி ட்ரூத் அபவுட் ட்ரூமன் ஸ்கூல்’ நாவலை எடுத்துக்கொண்டோம். பள்ளியின் கட்டுப்பாடு இல்லாத ஒரு செய்தி இதழ் வேண்டும் என்று இரண்டு மாணவர்கள் நல்ல எண்ணத்துடன் ஓர் இணையதளம் தொடங்குகிறார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் இடலாம். லில்லி என்ற மாணவியைக் குறிவைத்துப் பெயர் சொல்லாத ஒருவர் எழுதத் தொடங்க, பள்ளியே அதில் சேர்ந்துகொள்கிறது. கதையை ஒருவர் மட்டும் சொல்வதில்லை; பல மாணவர்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தான் செய்தது சிறிய காரியம் என்றே தோன்றுகிறது.

இரண்டாம் கூட்டத்தில், பெரும்பாலும் வாய் திறக்காத ஒரு சிறுவன், படத்தை அனுப்பாமல் அதன் கீழே சிரிப்பு முகத்தை மட்டும் இட்டவனும் கேலி செய்தவன்தானா என்று கேட்டான். நான் பதில் சொல்லும் முன்பே ஒரு மாணவி, அந்தப் படத்தில் இருந்தவள் அனுப்பியவனை மட்டும் நினைத்துக்கொண்டிருக்க மாட்டாள், ஒவ்வொரு சிரிப்பு முகமும் யாருடையது என்று தேடிப் பார்த்திருப்பாள் என்றாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது லில்லியைப் பற்றி அல்ல என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. மதிய உணவு நேரத்தில் ஒரு மாணவியை அவள் அறியாமல் எடுத்த படம் அவர்கள் வகுப்புக் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சிறுவனே இரண்டு நண்பர்களை அழைத்துக்கொண்டு பள்ளி ஆலோசகரிடம் போய் அதைச் சொன்னான். எத்தனையோ விழிப்புணர்வுக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள்; அங்கே எவரும் இப்படி வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் புத்தகம்தான் பிள்ளைகளுக்கு இந்த யோசனையைக் கொடுத்தது என்று ஒரு பெற்றோர் புகார் எழுதினார். நாவலின் முதல் பக்கத்தை அவர்கள் திறப்பதற்கு முன்பே அந்தப் படம் சுற்றத் தொடங்கியிருந்தது என்பதை எடுத்துச் சொல்லியும், இனி அந்த நாவலை வட்டத்தில் வாசிக்கப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும் என்று முடிவாயிற்று. குழந்தைகள் கொல்லப்படும் போர்க்கால நாவல்களுக்கு எவரும் கையொப்பம் கேட்பதில்லை. பெற்றோரின் கவலையை நான் குறைத்து மதிக்கவில்லை, நானும் ஒரு தாய்தான். ஆயினும், உண்மையைச் சொல்லத் துணிந்த பிள்ளைகளின் கையில் இருந்த புத்தகத்தையே குற்றவாளியாக்கியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்லத் தயங்குவதற்கு அமெரிக்காவில் இன்னொரு காரணமும் உண்டு. 13 வயதுக்கு உட்பட்டோரின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று 1998இல் வந்த சட்டத்தினால், பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13ஐயே குறைந்தபட்ச வயதாக வைத்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 11 அல்லது 12. வயதை மாற்றிச் சொல்லித் தொடங்கிய கணக்கில் ஒருவர் தன்னை இழிவுபடுத்தினால், அதை வீட்டில் சொல்வது தன் பொய்யையும் சேர்த்துச் சொல்வதாகிவிடும், கைபேசியும் பறிபோகும். இந்த அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், அம்மாவிடம் சொன்னதும் எல்லாம் சரியானது என்று முடியும் கதைகளைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

கைபேசியைப் பறித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஜான் டேவிட் ஆண்டர்சன் 2017இல் எழுதிய ‘போஸ்டட்’ நாவலைத் தாங்களும் வாசிக்க வேண்டும். அதில் பள்ளி கைபேசிகளைத் தடை செய்கிறது; மாணவர்கள் ஒட்டுத்தாள்களில் எழுதி ஒருவர் பெட்டகத்தில் ஒருவர் ஒட்டத் தொடங்க, விரைவில் அந்தத் தாள்களே வசையைச் சுமக்கின்றன. தடையே தவறு என்று நான் வாதிடவில்லை. கொடுமை கருவியில் மட்டும் குடியிருப்பதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சிறார் கதையை நான் வேறு வாசித்ததில்லை.

உங்கள் மகளுக்கு முதலில் எலினோர் எஸ்டெஸின் ‘தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்’ நூலைக் கொடுங்கள். 1944இல் வந்தது, இணையம் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் ஏழைச் சிறுமி வாண்டாவைத் தன் தோழி கேலி செய்யும்போது, பிடிக்காமலும் தடுக்காமலும் அருகே நிற்கும் மேடி என்ற சிறுமியின் மனம்தான் அதன் மையம். குழு அரட்டையில் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெரும்பாலான பிள்ளைகள் நிற்பதும் அதே இடத்தில்தான். அதன்பின் ‘போஸ்டட்’, அடுத்து ட்ரூமன் பள்ளி நாவல். ரெபெக்கா ஸ்டெட்டின் ‘குட்பை ஸ்ட்ரேஞ்சர்’ நாவலில் ஒரு மாணவி தன் அந்தரங்கப் படத்தை ஒருவனுக்கு அனுப்ப அது பரவிவிடுகிறது. ஆகவே அதை ஏழாம் வகுப்பு வரை தள்ளிவைத்து, நீங்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும், வாசித்து முடித்ததும் உன் வகுப்பில் இப்படி நடக்கிறதா என்று கேட்டு அவளை நெருக்க வேண்டாம். மேடி ஏன் பேசவில்லை என்று கேளுங்கள். அதற்கு அவளிடம் பதில் இருக்கும்.