டீகோடர் புகைந்ததா? மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கேள்வி: என் பழைய பொம்மை ரயில் எஞ்சினில், தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் டிஜிட்டல் டீகோடர் பொருத்தக் கொடுத்தேன். ஓடவிட்டதும் டீகோடர் புகைந்துவிட்டது. பொருத்தியவர், மோட்டார் பழையது, அதுதான் காரணம் என்கிறார். புது எஞ்சின் வாங்கிவிடலாமா? என்னிடம் ஏற்கெனவே உள்ள இரண்டு டிஜிட்டல் எஞ்சின்களும் ஒரே கட்டளைக்குச் சேர்ந்து ஓடுகின்றன. அது ஏன்?

வாங்காதீர்கள். மோட்டார் அநேகமாக நன்றாகவே இருக்கும். எடை கூடிய எஞ்சின், உலோகச் சட்டம், சட்டத்தோடு சேர்ந்த மோட்டார் என்று உங்களிடம் இருப்பது எப்படிப்பட்டது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. இதே வார்த்தையை என்னிடமும் ஒருவர் சொன்னார். அதனால்தான் இந்தப் பதில் நீளமாக இருக்கப்போகிறது.

கோயம்புத்தூரில் எங்களுக்கு மோட்டார் வைண்டிங் கடை. அப்பா ஆரம்பித்தது. கிணற்று மோட்டாரிலிருந்து மிக்ஸி வரை எரிந்துபோய் வருவதையெல்லாம் பிரித்துச் சுற்றித் தருகிறோம். பெரியப்பா இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஓஓ அளவில் ஓர் எஞ்சின் கொண்டுவந்தார். நிஜ எஞ்சினின் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று கணக்கிட்டுச் செய்யும் அளவு அது. பச்சை நிறப் பிளையிங் ஸ்காட்ஸ்மன், எண் 4472. டான்காஸ்டரில் 1923-இல் கட்டி முடித்த அந்த எஞ்சினின் மாதிரி. மோட்டார் எஞ்சினுக்குள் கிடையாது, பின்னால் நிலக்கரி ஏற்றிவரும் டெண்டருக்குள் இருக்கிறது. ஒரு தண்டவாளத்து மின்சாரம் எஞ்சின் சக்கரங்கள் வழியாக ஏறி, இரண்டையும் இணைக்கும் கம்பி வழியாக டெண்டருக்குப் போகும். மறு தண்டவாளத்து மின்சாரம் டெண்டர் சக்கரங்கள் வழியாக உலோகச் சட்டத்துக்கு ஏறும். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களில் ஒன்று அந்தச் சட்டத்தோடே ஒட்டியிருக்கும். பழைய நேர்மின்சார முறைக்கு அது சிக்கனமான, நல்ல அமைப்பு. டிஜிட்டலுக்கு அது எமன்.

டீகோடரைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பழக்கமுள்ளவர் ஒருவரிடம் பணம் கொடுத்துப் பொருத்தச் சொன்னேன். பெயரும் ஊரும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து எஞ்சின் திரும்பி வந்தது. கூடவே கருகிய டீகோடரும் ஒரு சீட்டும் வந்தன. “மோட்டார் வைண்டிங் ஷார்ட். இனி உதவாது.” அந்தச் சீட்டை அப்பா இரண்டு முறை படித்தார். ஒன்றும் பேசாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டெண்டரைப் பிரித்தார்.

சுழலும் ஆர்மேச்சரில் மூன்று காயில்கள், பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டரில் மூன்று துண்டுகள். ஒன்றுக்கும் இரண்டுக்கும், இரண்டுக்கும் மூன்றுக்கும், மூன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓம்ஸ் அளந்தோம். மூன்றும் ஒன்றுபோலவே காட்டின. ஒரு காயில் ஷார்ட் ஆகியிருந்தால் அது நடக்காது. எத்தனை வருடத்து மோட்டார், அதன் வைண்டிங்கில் ஒரு குறையும் இல்லை. பிறகு மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரஷ்ஷிலும் மறுமுனையை டெண்டர் சக்கரத்திலும் வைத்தேன். பீப் என்று சத்தம் வந்தது. அதாவது மோட்டாரின் ஒரு கால் தண்டவாளத்தோடு நேரடியாகச் சேர்ந்திருந்தது. பொருத்தியவர் அதைப் பிரிக்கவே இல்லை. டீகோடர் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் வாயிலுக்குள்ளேயே தண்டவாளத்து மின்சாரம் புகுந்து அதை எரித்திருக்கிறது. பழி மோட்டார் மேல்.

அனுபவசாலிகள் கோபிக்க வேண்டாம். எல்லாப் பொருத்துநர்களையும் நான் சொல்லவில்லை. நான் இதுவரை பொருத்தியது பதினொரு எஞ்சின்கள்தான், நூறு இல்லை. ஒலி எழுப்பும் டீகோடர் எதையும் நான் தொட்டதில்லை. சேகரிப்பாளர்கள் சிலர், பழைய எஞ்சினை வெட்டி ஒட்டினால் அதன் மதிப்புப் போய்விடும் என்பார்கள். அது பெட்டியைத் திறக்காதவர்களின் கவலை. பெரியப்பா இதை ஓட்டுவதற்காக வாங்கினார்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பிரஷ் பிடிப்பான் சட்டத்தைத் தொடும் சின்ன நாக்கை வெட்டி எடுத்தோம். இடையில், வைண்டிங் செய்யும்போது ஸ்லாட்டுக்குப் போடும், மின்சாரம் கடத்தாத லெதராய்டு காகிதத்தைச் செருகினோம். இரண்டு பிரஷ்ஷையும் எல்லாச் சக்கரங்களோடும் வைத்துப் பார்த்து, எங்கும் பீப் வராத வரை அடுத்த வேலைக்குப் போகவில்லை. மோட்டாரின் குறுக்கே இருந்த ரேடியோ இரைச்சல் தடுப்புக் கபாசிட்டரையும் கழற்றினோம். அது இருந்தால் வேகக் கட்டுப்பாடு தடுமாறும். பிறகு 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்தோம். காந்தம் வலுவிழந்த பழைய மோட்டார் ஓடும்போதே அதிகம் இழுக்கும், பிடித்து நிறுத்தினால் இன்னும் கூடும். டீகோடர் தாங்கும் அளவைவிட இது கூடுதலாக இருந்தால் இன்னொரு டீகோடர் சாம்பல்தான்.

டீகோடர் வயர்களின் நிறம் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொது. சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளையும் மஞ்சளும் முன், பின் விளக்குகளுக்கு, நீலம் அவற்றின் பொது வயர். எங்கள் எஞ்சினில் விளக்கு கிடையாது. ஆகவே அந்த வயர்களின் முனைகளைத் தனித்தனியாக மூடிக் கட்டினோம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பொம்மை ரயிலுக்கே நிற ஒழுங்கு இருக்கிறது. போன வருடம் கட்டிய எங்கள் வீட்டில் எர்த்துக்கான பச்சை வயரை மாடிப்படி விளக்கின் சுவிட்ச்சுக்குப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், “கையில் அதுதான் மீதி இருந்தது சார்” என்கிறார் ஒயரிங் ஆள். நாளைக்கு என் பேரன் வயதில் ஒருவன் அந்தப் பெட்டியைத் திறந்து, பச்சைதானே என்று தொட்டால்? முழுவதையும் பிடுங்கி மாற்ற வைத்தேன். தெருவில் எனக்குச் சண்டைக்காரன் என்று பெயர். இருக்கட்டும்.

இனி எண் எழுதும் வேலை. புது டீகோடர் எல்லாமே 3 என்ற முகவரியோடுதான் வரும். உங்கள் இரண்டு எஞ்சின்கள் சேர்ந்து ஓடுவதற்கு அதுவே காரணம். ஒன்றைத் தனியாக எடுத்து, எண் எழுதுவதற்கான புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து அதன் முகவரியை மாற்றுங்கள். டீகோடருக்குள் அமைப்புகளை எண்ணாக எழுதிவைக்கும் இடங்களுக்குச் சி.வி. என்று பெயர். 1 முதல் 127 வரை என்றால் சி.வி. 1-இல் எழுதினால் போதும். நாங்கள் 4472-ஐயே வைத்தோம். 127-ஐத் தாண்டிய எண்ணைக் கட்டுப்பாட்டுக் கருவி தானாக எழுதாவிட்டால் கணக்கு இது: 4472-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 120. ஈவோடு 192-ஐக் கூட்டி 209 என்று சி.வி. 17-இல், மீதி 120-ஐ சி.வி. 18-இல், பிறகு அந்த நீண்ட எண்ணையே முகவரியாகக் கொள்ளச் சி.வி. 29-இல் 38. எஞ்சின் பின்பக்கமாக ஓடினால் 38-க்குப் பதில் 39. எங்கேயாவது குழம்பிவிட்டால், பல டீகோடர்களில் சி.வி. 8-இல் 8 என்று எழுதினால் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்பும்.

புரோகிராமிங் தண்டவாளம் மற்றவற்றோடு சேராமல் இருக்க வேண்டும். மின்சாரம் குறைவாக வருவதால் இணைப்பில் தவறு இருந்தாலும் டீகோடர் தப்பிக்க வழி உண்டு. கருவி கேள்வி கேட்கும்போது டீகோடர் பதில் சொல்வது மோட்டார் வழியாகத்தான். ஆறு மில்லிநொடி, குறைந்தது 60 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டும். அதனால் மோட்டார் இணைப்புச் சரியில்லை என்றால், பதில் வரவில்லை என்று கருவி சொல்லும். அந்தச் செய்தி வந்தால் டீகோடரைத் திட்டாமல் பிரஷ்ஷைப் பாருங்கள்.

எங்கள் டெண்டரை வைத்து முதல் முறை சி.வி. 8-ஐப் படித்தபோது சக்கரம் ஒவ்வொரு பதிலுக்கும் மயிரிழை நகர்ந்தது. அப்பா மேசைமேல் முகத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடும்போது டீகோடர் கணநேரம் மின்சாரத்தை நிறுத்தி, சுழலும் மோட்டார் டைனமோவாகி உண்டாக்கும் வோல்ட்டை அளந்து வேகத்தைத் தெரிந்துகொள்கிறது என்று விளக்கினேன். “அப்போது அது மோட்டாரிடமே கேட்கிறது” என்றார்.

உங்கள் எஞ்சினைத் திரும்ப வாங்கி வாருங்கள். புது டீகோடர் வாங்குமுன் பிரஷ் இரண்டுக்கும் சக்கரங்களுக்கும் இடையில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பீப் வந்தால் எந்த இடத்தில் வந்தது என்று, மோட்டாரின் படத்தோடு இங்கேயே எழுதுங்கள்; எங்கே வெட்டுவது என்று சொல்கிறேன்.